செயற்கை நுண்ணறிவு இருக்கட்டும், சட்டத்தை முதலில் தமிழில் தேடக் கிடைக்கச் செய்யுங்கள்

நீதித்துறைக்குச் செயற்கை நுண்ணறிவு வரப்போகிறதாம். கருத்தரங்கு, செயலமர்வு, பெரிய திரை எல்லாம் நடக்கிறது. வரட்டும், நாங்கள் எதிர்ப்பில்லை. ஸ்மார்ட் போர்ட் வந்தபோது கைதட்டியவர்களும் நாங்கள்தான். (அது இப்போது சீலை போர்த்தி மூலையில் கிடப்பது வேறு கதை.)

வடக்கு கிழக்குக்கு வெளியே தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீதிமன்றத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் ஊர் எங்களிடம்தான் வரும். "சேர், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க." போன மாதம் ஒரு ராத்தா வந்தார். காணிப் பங்கீட்டு வழக்கொன்றில் அவரும் ஒரு பிரதிவாதி, அவ்வளவுதான். ஆனால் மகன் அதைப் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறான். "குற்றவாளி" என்று வந்திருக்கிறது. மூன்று நாள் அந்த மனுசி ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இயந்திரத்தைத் திட்டி என்ன பயன்? அது படித்ததைத்தான் சொல்லும். எங்கள் சட்டத்தை அது தமிழில் எங்கே படிக்கும்? இணையத்தில் கிடக்கும் பழைய தமிழ் வர்த்தமானிகளிலும் சட்டங்களிலும் எத்தனையோ வெறும் ஸ்கேன் படங்கள். வேறு பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. ஒரு வரியைக் கொப்பி பண்ணி ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது தமிழே இல்லை. "விவாகம்" என்று தேடினால் ஒன்றும் வராது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்துக்காக எத்தனை வருடம் இங்கே சண்டை பிடித்தோம்! இரு பக்கத்திலும் கத்தியவர்களில் எத்தனை பேர் அதன் பிரிவுகளைத் தமிழில் எடுத்து வாசித்தோம்? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று. எங்கள் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். பாராளுமன்றம் வெளியிடும் தமிழுக்கே இந்த நிலை என்றால், இயந்திரம் துப்பும் தமிழுக்கு யார் பொறுப்பு? பிழையென்றால் யாரிடம் போய் முறையிடுவது?

நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு அரசே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தரவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. அது சலுகையல்ல, உரிமை. "அதுதான் மெஷின் இருக்கிறதே" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கதிரையை வெறுமையாக விடப் பார்ப்பார்கள் என்பதே எங்கள் பயம்.

ஆகவே, முதலில் எல்லாச் சட்டங்களையும் திருத்தங்கள் சேர்த்து, யூனிகோட் தமிழில், தேடக்கூடியதாகப் போடுங்கள். அழைப்பாணையோடு ஒரு தமிழ்ப் பிரதியும் அனுப்புங்கள். செயற்கை நுண்ணறிவைப் பிறகு பேசலாம்.

ராத்தாவுக்கு அடுத்த மாதம் தவணை. எங்கள் கணித சேர் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகிறார்.