"நான் இருக்கிறேன்தானே" என்றால் என்ன அர்த்தம்?

1997ஆம் ஆண்டு. புறக்கோட்டையில் மின்சாரச் சாமான்களை மொத்தமாக விற்கும் கடையொன்றை நான் நடத்தி வந்த காலம். பல வருடங்களாக எம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்து வந்த ஒரு நண்பர், தனது ஊர் இளைஞர் ஒருவரைக் கடைக்கு அழைத்து வந்தார். "புதுசா கடை போடுறார். சாமானைக் கொடுங்க நானா. நான் இருக்கிறேன்தானே" என்று சொல்லி, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். நானும் தலையை ஆட்டினேன். 85,000 ரூபாய் சாமான் லொறியில் ஏறியது. எழுத்தில் இருந்தது இளைஞரின் பெயரில் போட்ட ஒரு பில் மட்டும்தான்.

ஆறே மாதத்தில் அந்தக் கடை மூடப்பட்டது. இளைஞர் வெளிநாடு போய்விட்டார். நண்பரிடம் காசைக் கேட்டேன். "நான் ஆளை அறிமுகம் செய்து வைத்தேன். பொறுப்பெடுக்கிறேன் என்று எப்போது சொன்னேன்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கும் வந்தது. அத்தோடு அவர் என் கடைக்கு வருவது நின்றது. நான் அவர் கடைக்குப் போவதும் நின்றது.

இன்று ஆறுதலாக யோசித்துப் பார்க்கும்போது அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. "ஏதும் பிரச்சினை என்றால் நான் அவனோடு பேசுகிறேன்" என்பதே அவர் கருத்தாக இருந்திருக்கலாம். "அவன் தராவிட்டால் நான் தருவேன்" என்று நான் விளங்கிக்கொண்டேன். சொல் ஒன்று, அர்த்தம் இரண்டு. நெஞ்சில் வைத்த அந்தக் கையையும் சிரிப்பையும் நான் கையெழுத்தாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

சில வருடங்களுக்குப் பின் கொழும்பில் நடந்த வியாபாரக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். தொடர்பாடலில் சொற்களின் பங்கு வெறும் 7 வீதம், குரலின் தொனி 38 வீதம், உடல்மொழி 55 வீதம் என்று பேச்சாளர் பலகையில் எழுதினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும்தான். பின்னர் வாசித்தபோதே உண்மை விளங்கியது. இந்தக் கணக்கு அமெரிக்க உளவியலாளர் அல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. தனிச் சொற்களை வெவ்வேறு தொனியிலும் முகபாவத்திலும் காட்டி, பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்ட ஆய்வுகள் அவை. உணர்வுகளைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே விளக்கியிருக்கிறார். விலை, தவணை, பொறுப்பு ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. முகத்தைப் பார்த்து ஒருவர் எம்மை விரும்புகிறாரா என்று அறியலாம். எத்தனையாம் திகதி காசு தருவார் என்று அறிய முடியாது.

உடல்மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எமது வியாபாரமே அதில்தான் நடக்கிறது. "விலை கூட" என்று சொல்லிக்கொண்டே துணியை இரண்டாம் தரம் தடவிப் பார்ப்பவர் வாங்கத்தான் வந்திருக்கிறார். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லும் வேலையாள், வந்த வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுகிறான். அந்தக் காலத்து முத்து வியாபாரிகள் துணிக்கு அடியில் விரல்களைத் தொட்டே விலை பேசி முடித்தார்கள். ஆனால் எந்த விரலை எப்படித் தொட்டால் எவ்வளவு என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். நெஞ்சில் கை வைப்பதற்கும் தலையை ஆட்டுவதற்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் எம்மிடையே இல்லை.

பேச்சுக்கும் அதன் வேலை உண்டு. பேரம் பேசவும், சந்தேகம் கேட்கவும், மனஸ்தாபத்தைத் தீர்க்கவும் வாய்ப்பேச்சைப் போல் எதுவுமில்லை. ஆனால் பேச்சுக்கு ஞாபகசக்தி குறைவு. மூன்று மாதம் போனால் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமானதையே ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் எழுத்து தேவைப்படுகிறது.

எமது நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்பதாக வாயால் சொன்னது செல்லாது. அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டும் பங்கு வியாபாரமும் அப்படியே. இன்று 1,000 ரூபாயில் எந்தப் பங்கு வியாபாரம் தொடங்க முடியும்? ஆக, வாய்ப்பேச்சில் சேர்ந்த சகோதரர்களும் மச்சான்மாரும் பிரியும் நாளில் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போடப் போனால் வெறுங்கையோடு நிற்க நேரலாம்.

அதேபோல 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், கடைப் பில்லுக்கும் கணக்குக் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போட, கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடமே தருகிறது. எழுத்திலான உடன்படிக்கைக்கு ஆறு வருடம். பெரிய தொகையென்றால் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

இதெல்லாம் எமக்குப் புதிதல்ல. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். சிறிய தொகை என்றாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. தெரிந்தும் நாம் எழுதுவதில்லை. ஏன்? "எழுதக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பாரே" என்ற கூச்சம்.

அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் பேச்சும் முகமும் உதவ வேண்டும். கடதாசியை முகத்துக்கு நேரே நீட்டினால் யாருக்கும் கோபம் வரும். தேநீர் வரவழைத்து, சிரித்த முகத்தோடு, "எனக்கு மறதி கூட, இரண்டு வரி எழுதிக்கொள்வோம்" என்று சொன்னால் நல்ல மனிதர் எவரும் கோபிக்க மாட்டார். கடையில் எழுதச் சங்கடமென்றால், "இன்று பேசியபடி இன்ன தொகை, இன்ன திகதி" என்று அன்று மாலையே வட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளலாம். மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவைச் சட்டம் ஒதுக்கிவிடாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் உறுதிப்படுத்தியுள்ளது. ஆனாலும் பொறுப்பு நிற்பதற்கும் பங்கு சேர்வதற்கும் கையெழுத்திட்ட கடதாசியே பாதுகாப்பானது.

அன்று நான் ஒரு கடதாசியை எடுத்திருந்தால் நண்பர் கையெழுத்து வைத்திருப்பார். அல்லது "இல்லை நானா, நான் அறிமுகம் மட்டும்தான்" என்று அப்போதே சொல்லியிருப்பார். இரண்டில் எது நடந்திருந்தாலும் எமது நட்பு மிஞ்சியிருக்கும்.

2005இல் அவர் காலமானார். ஜனாஸாத் தொழுகைக்கு நானும் போனேன். வழமைபோல, "மௌத்தானவரோடு யாருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று அவரது மகன் அறிவித்தார். ஸப்பில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எனக்குக் கடன்பட்டவரா, இல்லையா? எழுத்தில் எதுவுமில்லை. அறிந்த ஒரே ஆள் என் முன்னால் சந்தூக்கில் இருந்தார்.