ஆபரேஷன் தேதி அப்புறம், முதல்ல சமையலறை: எடை குறைப்பு சர்ஜரி பற்றி ஒரு த்ரெட்

1/
"டாக்டர், எடை குறைக்க ஆபரேஷன் பண்றாங்களாமே, எவ்வளவு செலவாகும்? எத்தனை நாள் லீவு போடணும்?" நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து வர்ற கேள்விங்க பெரும்பாலும் இந்த ரெண்டோட முடிஞ்சிடுது. மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு: "அதுக்கு முன்னாடி நானும் என் வீடும் எப்படித் தயாராகணும்?" அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பேரியாட்ரிக் சர்ஜரிக்கு நான் எதிரி இல்லை. தேவைப்படுறவங்களுக்கு எடையோட சேர்த்து சர்க்கரை, பிரஷர், தூக்கத்துல வர்ற மூச்சுத்தடை எல்லாத்தையும் குறைக்கிற நல்ல சிகிச்சை அது. ஆனா எந்தத் தயாரிப்பும் இல்லாம "அடுத்த வாரமே வாங்க"ன்னு தேதி கொடுக்கிற இடத்துல பண்ணிக்காதீங்க.

3/
2024 ஏப்ரல்ல புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர், சென்னையில ஒரு தனியார் மருத்துவமனைக்கு இதே சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தது ஞாபகம் இருக்கும். தமிழக அரசு விசாரணைக் குழு அமைச்சது. "அப்போ ஆபரேஷனே வேணாமா?" அப்படி இல்லை. அனுபவமுள்ள மையங்கள்ல இறப்பு ஆயிரத்துல ஒண்ணு அளவுலதான் இருக்கு. ஆனா இது அழகு சிகிச்சை இல்லைங்க. முழு மயக்கம் கொடுத்துப் பண்ற பெரிய வயித்து ஆபரேஷன்.

4/
யாருக்குத் தேவை? எடையை (கிலோ) உயரத்தால (மீட்டர்) ரெண்டு தடவை வகுத்தா வர்றது பிஎம்ஐ. 2022ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் 35க்கு மேல இருந்தா பரிந்துரைக்குது. ஆசியர்களுக்கு 27.5ல இருந்தே யோசிக்கலாம்னு சொல்லுது. 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 35ங்கிறது சுமார் 95 கிலோ. இன்ஷூரன்ஸ் கணக்கு வேற: பொதுவா 40, இல்லேன்னா 35ஓட கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய் மாதிரி பெரிய பிரச்சனை இருக்கணும். பாலிசியைப் படிச்சுட்டுப் போங்க.

5/
என்ன பண்றாங்க? "ஸ்லீவ்" முறையில இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவு குழாய். "பைபாஸ்"ல சின்னப் பை ஒண்ணு உருவாக்கி, குடலை நேரா அதுல இணைப்பாங்க. ஸ்லீவ்ல வெட்டின இரைப்பை திரும்ப வராது.

6/
முன்னாடி பார்க்க வேண்டியவை: இதயம், நுரையீரல், மூணு மாச சர்க்கரை அளவு, தைராய்டு, ரத்தசோகை, பி12, வைட்டமின் டி, எண்டோஸ்கோப்பி. குறட்டை விடுறவங்களுக்குத் தூக்கப் பரிசோதனை. மனநல ஆலோசனையும் உண்டு. கோபத்துக்கும் கவலைக்கும் சாப்பிடுற பழக்கத்தை எந்தக் கத்தியும் வெட்டாது. புகை பிடிக்கிறவங்க குறைஞ்சது 6 வாரம் முன்னாடியே நிறுத்தணும்.

7/
கடைசி ரெண்டு வாரம் மாவுச்சத்தும் கலோரியும் குறைவான, புரதம் அதிகமான உணவு கொடுப்பாங்க. "எப்படியும் ஆபரேஷன் ஆகப்போகுது, கடைசியா ஒரு பிரியாணி"ன்னு கிளம்பிடாதீங்க. கொழுப்பு படிஞ்ச கல்லீரல் இரைப்பையை மறைச்சுக்கிட்டு நிக்கும். இந்த ரெண்டு வாரத்துல அது சுருங்கும், சர்ஜனுக்கு இடம் கிடைக்கும்.

8/
சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுறவங்க கவனம்! இந்த உணவுல இருக்கும்போது பழைய டோஸையே எடுத்தா சர்க்கரை கீழே போய் மயங்கலாம். டாக்டர்கிட்ட கேட்டு டோஸை மாத்துங்க. வாரம் ஒரு தடவை போடுற எடை குறைப்பு ஊசி எடுத்தா, மயக்க மருத்துவர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அது உணவை வயித்துலேயே தங்க வைக்கும்.

9/
ஆபரேஷனுக்கு அப்புறம்: முதல்ல தெளிஞ்ச நீராகாரம், பிறகு மோர், பால், பருப்புத் தண்ணி. 2 வாரம் கழிச்சு மசிச்ச உணவு, 4 வாரம் வாக்குல மென்மையான உணவு. வழக்கமான உணவு வர 6லிருந்து 8 வாரம் ஆகும். மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும்.

10/
ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல புரதம் வேணும். இட்லி ஒண்ணுல 2 கிராம்தான், முட்டையில 6. சமைச்ச மீன், கோழி 100 கிராம்ல 20க்கு மேல. அதனால தட்டுல முதல்ல முட்டை, மீன், பன்னீர், சுண்டல். இடம் இருந்தா ரெண்டு வாய் சோறு. பண்ருட்டி பலாச்சுளையை எண்ணித்தான் சாப்பிடணும். பைபாஸ் பண்ணினவங்க பாயசம் குடிச்சா படபடப்பு, வியர்வை, வயித்துப்போக்கு வரலாம்.

11/
தண்ணியைச் சாப்பாட்டோட குடிக்கக்கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு, சிறுகச் சிறுக. ஒவ்வொரு வாயையும் கூழாகுற வரைக்கும் மெல்லணும். ஷிஃப்ட்ல பத்து நிமிஷத்துல டப்பாவைக் காலி பண்ற பழக்கம் இனி முடியாது. நைட் ஷிஃப்ட்ல எப்போ சாப்பிடுவீங்கன்னு இப்பவே எழுதி டயட்டீஷியன்கிட்ட காட்டுங்க.

12/
வைட்டமின், கால்சியம், இரும்பு, பி12 எல்லாம் ஆயுசுக்கும். பெண்கள் 12லிருந்து 18 மாசம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடணும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களா வாங்கிப் போடாதீங்க, முக்கியமா பைபாஸ் ஆனவங்க. மது ரொம்ப வேகமா ஏறும்.

13/
இது முக்கியம். ஆபரேஷன் சென்னையில, வீடு நெய்வேலியில. நடுராத்திரி வாந்தி நிக்கலேன்னா பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவீங்க. என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, சர்ஜன் நம்பர்னு ஒரு தாள் பர்ஸ்லயே இருக்கட்டும். தொடர் வாந்தியில வைட்டமின் பி1 குறைஞ்சு மூளை, நரம்பு பாதிக்கும். வெறும் குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி பி1 போடச் சொல்லி ஞாபகப்படுத்துங்க. காய்ச்சல், மூச்சுத்திணறல், கடுமையான வயித்துவலி, ஓய்வுல 120க்கு மேல நாடித்துடிப்பு இருந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

14/
இப்போ வீட்டுல உள்ளவங்களுக்கு. பக்கத்துல வடலூர் தருமசாலை, 1867லிருந்து அணையாம எரியுற அடுப்பு. பசிச்சவருக்குச் சோறு போடுறது நம்ம மண்ணோட குணம். ஆனா ஆபரேஷன் ஆனவர்கிட்ட "இன்னும் ஒரு வாய், எனக்காக"ன்னு கெஞ்சுறது அவரை வாந்தி எடுக்க வைக்கிற அன்பு. விருந்துக்குப் போனா "அவருக்குப் போதும்"னு சொல்ற முதல் ஆள் நீங்களா இருங்க.

15/
கடைசியா ஒரு யோசனை. மருந்து டோஸை டாக்டர்கிட்ட பேசிட்டு, ஒரு மாசம் ஒத்திகை பாருங்க. சின்னத் தட்டு, புரதம் முதல்ல, மெதுவா மெல்லுறது, தண்ணி தனியா. குடும்பமே சேர்ந்து. அதுக்கப்புறம் மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்க: இங்க ஐசியூ இருக்கா? டயட்டீஷியன் யாரு? ஒரு வருஷம் கழிச்சும் என்னைப் பார்ப்பீங்களா? பதில் திருப்தியா இருந்தா, அப்போ தேதி வாங்குங்க.