பொய் சொன்னா திட்டமும் பொய்யாப் போகும்



ஆராய்ச்சி என்றால் நமக்கு ராக்கெட்டும் சோதனைக் குழாயும்தான் ஞாபகம் வரும். நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகக் கேள்வி கேட்டு வருபவர்களைப் பார்த்தால், "இவங்களுக்கு வேற வேலை இல்லை" என்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு அக்கா கணக்கெடுக்க வந்தார். "வீட்ல கழிப்பறை இருக்கா பாட்டி?" என்று கேட்டார். "இருக்கு தாயி, எல்லாரும் அதுலதான் போறோம்" என்றார் எங்கள் அப்பத்தா. அந்த அக்காவும் எழுதிக்கொண்டு போய்விட்டார். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் கழிப்பறையில் இருப்பது விறகும் கோழிக்கூடையும்தான். நானும் அம்மாவும் விடியுமுன் ஓடைப் பக்கம் போகிறோம். அப்பத்தா சொன்ன பொய்யால் யாருக்கு நஷ்டம்? எனக்குத்தானே!

காந்தியடிகளின் 150வது பிறந்த நாளான 2019 அக்டோபர் 2ல், இந்தியக் கிராமங்களில் யாரும் திறந்தவெளிக்குப் போவதில்லை என்று அறிவித்தார்கள். கட்டிடத்தை எண்ணுவது சுலபம். யார் போகிறார்கள், ஏன் போகவில்லை என்பது மனிதர்களிடம் கேட்டால்தான் தெரியும். 2013, 2014ல் பீகார், உத்தரப்பிரதேசம் உட்பட 5 வட மாநிலங்களில் ஆராய்ச்சியாளர்கள் அப்படிக் கேட்டார்கள். நல்ல கழிப்பறை உள்ள வீடுகளிலேயே, 100க்கு 40க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒருவராவது வெளியே போவது தெரிந்தது. குழி சீக்கிரம் நிறைஞ்சிடும், அப்புறம் யார் அள்ளுவது என்ற பயமும் ஒரு காரணம். எங்கள் அப்பத்தாவுக்கும் அதே பயம்தான்! இரட்டைக் குழியில் ஒன்று நிறைந்தால் அடுத்ததுக்கு மாற்றிவிடலாம், மூடிய குழி ஓராண்டுக்கு மேல் கிடந்தால் மக்கி எருவாகிவிடும் என்று யாராவது அவருக்குப் புரிய வைத்திருந்தால் போதும்.

"ஆய்வு பண்ற காசுக்கு இன்னும் நாலு கழிப்பறை கட்டலாமே" என்று சிலர் கேட்கலாம். கட்டி, அதிலும் விறகு அடுக்கவா?

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரன் ஐயாவும் 1947ல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1959லேயே ஆத்தூர் ஒன்றியத்துக்காக ஒரு சுகாதார முன்னோடித் திட்டம் ஆரம்பித்தார்கள். முன்னோடித் திட்டம் என்றால், முதலில் ஓரிடத்தில் மக்களோடு செய்து பார்த்து, எது பலிக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவது. காலை உணவுத் திட்டமும் 2022ல் 1,545 பள்ளிகளில்தான் முதலில் வந்தது. ஆய்வு செய்த 1,543 பள்ளிகளில் 1,319ல் பிள்ளைகள் வருகை கூடியிருந்தது. 2023ல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது கேட்க வந்தால் உண்மையைச் சொல்லுவோம். கேட்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டிகிட்ட மட்டும் கேட்காதீங்க, எங்ககிட்டயும் கேளுங்க. முடிஞ்சா அந்தக் கதவைத் திறந்தும் பாருங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி