மண்ணின் இயல்பே முடிவு செய்யட்டும்

உழவு என்னும் சொல் இருபொருள் தருவது. ஏரால் நிலத்தைக் கிளறுதலும் உழவு. வேளாண்தொழில் முழுமையும் உழவு. ஆதலால், உழாமலே பயிர் செய்யலாம் என்று ஒருவர் கூறினால் அது முரணாகவே நமக்குத் தோன்றும். நன்கு உழுது புழுதியைக் காயவிட்டால் ஒருபிடி எருவும் வேண்டாது என்பது வள்ளுவர் கருத்து. உழாமையை வலியுறுத்துவோர் தரப்பிலும் சான்றுகள் உள்ளன. புல்வெளிகளை அளவின்றி உழுததன் விளைவாக, 1930களின் வறட்சியில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப்புயலாய்ப் பறந்தது. ஜப்பானில் மசனோபு ஃபுகோகா, வைக்கோலால் நிலத்தை மூடி, உழாமலே நெல் விளைவித்துக் காட்டினார்.

இவ்விரு கருத்துகளுள் எது சரி? லால்குடிப் பகுதி வயல்களே இதற்கு விடை கூறுகின்றன.

அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால் ஆகியவற்றின் நீர் பாயும் வண்டல் நிலங்களில், சம்பா நெல்லுக்குச் சேறு கலக்கி உழுவது வழக்கம். சேற்றுழவு மண்ணின் நுண்துளைகளை அடைத்து நீரைத் தேக்குகிறது, களைகளையும் அமிழ்த்துகிறது. அதே வயலில், நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள்களுக்கு முன்பு, நிற்கும் பயிரினூடே உளுந்தைத் தெளிக்கின்றனர். அதற்கு உழவும் இல்லை, பாசனமும் இல்லை. வண்டலில் எஞ்சிய ஈரமும் பனியுமே அதனை வளர்க்கின்றன. அந்நிலையில் உழுதால் ஈரம் ஆவியாகிவிடும். காவிரிப் படுகை உழவர்க்கு உழாமை புதிய கொள்கையன்று. நெல் தரிசு உளுந்து என்னும் பெயரில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையே அது.

ஆனால், வண்டலுக்குப் பொருந்துவது எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. வடகிழக்கே புள்ளம்பாடி, கல்லக்குடிப் பக்கம் சென்றால் கரிசல் தொடங்குகிறது. அது நனைந்தால் உப்பி ஒட்டும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்புகளின் வழியே மேல்மண் கீழிறங்குவதால், கரிசல் தன்னைத்தானே ஓரளவு புரட்டிக்கொள்கிறது. பதம் தவறி அதனை உழுதால் மண் பாளம் பாளமாகப் பெயரும். மானாவாரிச் செம்மண்ணின் இயல்போ வேறு. மழைத்துளிகள் தாக்க அதன் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். விதை முளைக்கத் தடுமாறும். மழைநீர் உள்ளிறங்காமல் வழிந்தோடும். அங்கே கோடை உழவே மழையை மண்ணுக்குள் செலுத்துகிறது. அடிமண் கெட்டிப்பட்ட இடங்களில் உளிக்கலப்பையும் தேவைப்படுகிறது.

வைக்கோலைப் பரப்பினால் செம்மண்ணும் இறுகாதே எனச் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும், நம் ஊர்களில் வைக்கோல் மாடுகளின் உணவு. மூடாக்கு இல்லாத உழாமை, மண்ணை வெயிலுக்கும் மழைக்கும் காட்டிக்கொடுப்பதாகும். மேலும், உழவைக் கைவிட்டுக் களைக்கொல்லியை மிகுதியாக நம்புவதும் மண்ணுக்கு நன்மையன்று.

எனினும், வண்டல் நிலத்தில் இன்று ஓர் இழப்பு நேர்ந்து வருகிறது. ஈரம் உலராத வயலில் கனமான அறுவடை இயந்திரம் இறங்கும்போது, முளைத்த உளுந்து சக்கரங்களின்கீழ் நசுங்குகிறது, மண்ணும் இறுகுகிறது. நெல் அறுவடை எளிதாகிறது; உளுந்தோ அழிகிறது. காற்றின் நைட்ரஜனை வேர்முடிச்சுகளால் மண்ணில் சேர்க்கும் பயிர் குறைந்தால், அடுத்த நெல்லுக்கு உரச்செலவு கூடும். பட்டைச் சக்கர இயந்திரங்கள் மண்ணை அழுத்துவது குறைவு. அவற்றைச் சிறு உழவர்க்கும் குறைந்த வாடகையில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரியைக் கொண்ட இவ்வட்டாரம், உளுந்தைக் காக்கும் இயந்திரத்திற்கு வழிகாட்டவேண்டும்.

உழுவதா, உழாதிருப்பதா என்பதை ஒரே ஆணையாக எல்லா நிலத்திற்கும் விதித்தல் தகாது. மண்ணின் வகை, ஈரப்பதம், பயிர், பருவம் ஆகிய நான்கையும் ஆராய்ந்தபின் கலப்பையை எடுப்பதும் உழவே. அதனை ஓரமாக வைப்பதும் உழவே.