அலமாரிச் சிறையும் புத்தக விருந்தும்

நண்பர்களை வீட்டிற்கு அழைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொணரச் செய்து, ஒருவர் கொணர்ந்ததை மற்றொருவர் எடுத்துச் செல்லும் புத்தக மாற்று விருந்து என்னும் வழக்கம் நம்மவரிடையேயும் தலைகாட்டியிருக்கிறது. நல்ல வழக்கமே. ஆயினும் அவ்விருந்துக்கு அழைக்கப்படுவோர் யார், அழைக்கப்படாதோர் யார் என்று கேளாமல் கைகொட்டி மகிழ நாம் ஆயத்தமாயில்லை.

முதலில், புத்தகத்தை நம்மவர் நடத்தும் விதத்தைப் பாருங்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஓர் எழுத்தும் படிக்கலாகாது என்கிறோம். கல்விக்குரிய நாளென்று சொல்லிக்கொண்டே கல்வியை நிறுத்தி வைக்கும் விந்தை வேறெங்கேனும் உண்டோ? மறுநாளாவது படிக்கிறோமா? பொட்டு உலருமுன்னே அவை கண்ணாடி அலமாரிக்குள் சிறை புகுகின்றன. சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் 1931-ம் ஆண்டில் நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பயன்படுத்தற்குரியது என்பதே அவற்றுள் முதல் விதியின் கருத்து. பூட்டுக்கும் பூசைக்கும் அங்கே இடமில்லை.

நிற்க. "இரவல் கொடுத்த புத்தகம் திரும்பாது" என்று சிலர் பெருமூச்செறிகின்றனர். இவர்கள் ஒரு வரலாற்றைக் கேட்கட்டும். 1880-ம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரிடம் சீவகசிந்தாமணிப் பிரதியொன்றைக் கொடுத்தார். ஐயரோ சைவ மடத்துச் சூழலிற் பயின்றவர்; நூலோ சமண காப்பியம். பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறிய அவர் அவ்வூர்ச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். 1887-ல் அந்நூல் அச்சேறியது. பின்னர் 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும், 1898-ல் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன. முதலியார் "திரும்பாது" என்று அஞ்சியிருந்தால்? ஐயர் "அயல் மதத்தார் வாசலை மிதியேன்" என்றிருந்தால்? கொடுக்கும் கையும் படி தாண்டும் காலும் ஆகிய இரண்டும் கூடியபோதே தமிழ் பிழைத்தது.

இவ்விரண்டில் நம் விருந்துகளில் இல்லாதது படி தாண்டும் காலே. ஆங்கிலப் பள்ளியிற் படித்த எம்மனைய கிராணிமார், தாம் படித்து முடித்த ஆங்கில நாவல்களைத் தமக்குள்ளேயே மாற்றிக்கொண்டு அதற்கு இலக்கியக் கூட்டம் என்று பெயரிடுகின்றனர். கூப்பிடு தூரத்தில் லயம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவரையும் அழைப்பதில்லை. காரணம் கேட்டால், "அவர்களுக்குப் படிப்பில் ஏது நாட்டம்? கொடுத்தால் அழுக்காக்கி விடுவார்கள்" என்கிறார்கள். தீட்டு என்னும் பழஞ்சொல்லுக்கு அழுக்கு என்று புதுப்பெயர் சூட்டினால் அது சீர்திருத்தமாகிவிடுமா? உழைத்த கையின் கறை படிந்த ஏடு, கரையான் அரித்த ஏட்டினும் ஆயிரம் மடங்கு மேலானது.

யாருடைய புத்தகத்தை யார் பூட்டி வைப்பது? 1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். அத்துயரை நம் நாட்டு எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலாக்கினார். தோட்டப் பாட்டாளியின் வாழ்வை அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்று எழுதினார். பாட்டனைச் சயாமுக்குப் பறிகொடுத்த பேரன் லயத்தில் இருக்க, அக்கதை அலமாரியில் தூசு படிந்து கிடப்பது நியாயமா? அவனுக்கல்லவோ அந்நூலில் முதல் உரிமை!

பெண்மக்கள் நிலையையும் சொல்லவேண்டும். ஆடவர் கூடத்தில் அமர்ந்து நூல்நயம் பேச, பெண்டிர் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருப்பது சம்பந்தி விருந்துக்குப் பொருந்தலாம். புத்தக விருந்துக்குப் பொருந்தாது. தேநீரை ஆடவர் போடட்டும். பெண்கள் தம் புத்தகத்தோடு வந்து தம் கருத்தைச் சொல்லட்டும்.

இனி, செய்யத்தக்கன சில. கழித்துக் கட்டவேண்டிய பரீட்சை வழிகாட்டியையும் கலியாண வீட்டில் இலவசமாய்க் கிடைத்த மலரையும் கொணர்ந்து தள்ளாதீர்கள். பிரிய மனம் வராத நூல் எதுவோ அதையே கொணருங்கள். அதை ஏன் பிறர் படிக்கவேண்டும் என்பதை நான்கு வார்த்தையிற் கூறுங்கள். கொடுக்கப் புத்தகமில்லாதவர் வெறுங்கையோடு வந்து ஒன்றை எடுத்துச் செல்லலாம் என்று முன்னரே அறிவியுங்கள். எழுத்தறியாத முதியோருக்கு ஓர் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். உத்தியோகஸ்தர் வீட்டுக் கூடத்தில் கால்வைக்கக் கூசுவோர் உண்டு. ஆதலால் தமிழ்ப்பள்ளியிலோ பொது மண்டபத்திலோ கூடுங்கள். எந்த நூல் எவர் கையில் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். "திரும்பாது" என்னும் அச்சத்திற்கு அவ்வளவே மருந்து.

கைப்பேசியிலேயே எல்லா நூலும் கிடைக்கின்றனவே என்பர் சிலர். கிடைக்கட்டும். அடுத்த வீட்டானை உங்கள் அருகே அமர்த்தி, "இதைப் படித்தேன், நெஞ்சு பதைத்தது" என்று அவன் வாயாற் சொல்ல வைக்க அக்கைப்பேசியால் ஆகுமா?

தோழர்களே! அடுத்த சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்துக்குப் பொட்டிடுவதை விடுத்து, அதை லயத்துத் தோழர் கையிற் கொடுங்கள். அவர் படித்து முடித்தபின் அவர் வாசலுக்கு நீங்களே சென்று, அவர் கருத்தைக் கேளுங்கள். அதுவே மெய்யான கலைமகள் விழா.