லொம்ப்ரோசோவைத் தெரியும், ஹட்டன் கோர்ட்டைத் தெரியாது

கெம்பஸ்ல குற்றவியல் பாடத்துக்கு எனக்கு ஏ வந்தது. ரிசல்ட்ஸ் வந்து ரெண்டு மாசம் இருக்கும், லீவுக்கு பொகவந்தலாவைக்கு வந்திருந்தேன். காலை ஆறு மணிக்கு பக்கத்து லயத்துப் பெரியம்மா வாசலில் நின்றார். ராத்திரி ஆற்றுப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டப் போன நாலு பேரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அதில் அவருடைய மகனும் ஒருத்தன்.

"நீ குற்றத்தப் பத்தித்தானே படிக்கிற சாமி, அவன எப்ப விடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவனை எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்திருக்கிறார்கள், பிணை கிடைக்குமா, கிடைத்தால் யார் கையெழுத்துப் போடணும், சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் யாரிடம் போகணும், ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மாவோட கோர்ட்டுக்குப் போனேன். அவர்களுடைய வழக்கு கூப்பிட்டு முடிய அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. சொன்னதைத் தமிழிலும் சொன்னார்கள். வெளியே வந்து பெரியம்மா கேட்டார்: "பிணைன்னா விட்டுட்டாங்கன்னு அர்த்தமா, இல்ல மறுபடி வரணுமா?" அதைக்கூட நான் பக்கத்தில் நின்ற ஒரு அண்ணனிடம் கேட்டுத்தான் சொன்னேன்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபம் கோர்ட் மேலேயும் இல்லை, பொலிஸ் மேலேயும் இல்லை. எனக்கு ஏ போட்டுக் கொடுத்த அந்தப் பரீட்சை மேலேதான்.

என்னதான் படித்தோம்?

ஞாயமாகச் சொன்னால், நிறையப் படித்தோம். 1876இல் இத்தாலிய வைத்தியர் லொம்ப்ரோசோ, குற்றவாளியை மண்டை ஓட்டையும் தாடையையும் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியது. 1938இல் மேர்ட்டன், சமூகம் காட்டுகிற இலக்குக்கும் அதை அடைய இருக்கிற வழிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி எழுதியது. சதர்லாந்து சொன்ன வெள்ளைக் கொலர் குற்றம். எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் கேள்வி இப்படி வரும்: "குற்றம் என்பதை வரைவிலக்கணப்படுத்தி, அதன் காரணிகளை விளக்குக." மூன்று மணித்தியாலம், ஏழு கேள்வியில் நாலு. போன ஐந்து வருஷத்துப் பேப்பரை எடுத்துப் பார்த்தால் எது வரும் என்று பாதி தெரிந்துவிடும். சீனியர் அக்காவின் நோட்ஸை போட்டோகொப்பி அடித்து, இரண்டு ராத்திரி முழித்து மனப்பாடம் செய்தால் போதும். நான் செய்ததும் அதுதான்.

அந்த நோட்ஸில் ஒரு இடத்தில், இலங்கையில் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது என்று இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2018இல் ஒரு திருத்தச் சட்டம் வந்து அந்த வயது 12 ஆகிவிட்டது. 12க்கும் 14க்கும் நடுவில் இருக்கிற பிள்ளை என்றால், தான் செய்வது என்ன என்று விளங்கும் முதிர்ச்சி அதற்கு இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். எங்கள் பட்ச்சில் பெரும்பாலானவர்கள் 8 என்றுதான் எழுதினோம். ஒருத்தருக்கும் புள்ளி குறையவில்லை.

இது சின்னத் தவறு மாதிரித் தெரியும். ஆனால் இந்தப் பாடம் படித்தவர்கள் நாளைக்கு எங்கே போய் உட்காரப் போகிறார்கள் என்று யோசியுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆசிரியர், பொலிஸ். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை ஏதோ ஒரு களவு முறைப்பாட்டில் கொண்டு வந்து அவர்கள் முன் நிறுத்தும்போது, அந்த 8க்கும் 12க்கும் நடுவில் இருக்கிறது ஒரு பிள்ளையின் வாழ்க்கை.

யாருக்குக் கிடைக்கிறது இந்தப் பாடம்?

இலங்கையில் குற்றவியலைத் தனித் துறையாக வைத்துக் கற்பிப்பது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். அங்கே கலைப்பீடப் படிப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கிறது. தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிப் போகிற மலையகப் பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைத்தால், சமூகவியலுக்குள்ளே ஒரு அலகாகக் கிடைக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகளே இருக்கின்றன. நமக்கு இருப்பது அந்த ஒரு அலகுதான். அதுவும் ஐரோப்பாவில் தொடங்கி அமெரிக்காவில் முடிந்துவிட்டால், நம்ம ஊர் எங்கே வரும்?

நம்ம வரலாறே ஒரு பாடப்புத்தகம்

மலையகத்தை விட்டுவிட்டுக் குற்றவியல் படிப்பிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எது குற்றம், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் கேள்வி. அதற்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தை விட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? தோட்டத்தில் வேலை செய்கிறவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனால் அது ஒப்பந்தத் தகராறு இல்லை, சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். அதோடு துண்டு முறை: கடனைக் கட்டினால் ஆளை விடுவதாகப் பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுக்காவிட்டால் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. 1921இல்தான் துண்டு ஒழிந்தது. அதுவரைக்கும் நம்ம பாட்டன் பூட்டன் நடந்து போனதே குற்றம்.

இதை ஒரு மணித்தியாலம் வகுப்பில் பேசிவிட்டு லொம்ப்ரோசோவுக்குப் போங்கள். அவர் புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871இல், பிரித்தானிய இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று பதிந்தது. அதை எதிர்த்த கள்ளர் சமூகத்தவர்கள் 1920 ஏப்ரலில் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "பிறவிக் குற்றவாளி" என்கிற கருத்து புத்தகத்தில் இருந்தால் ஒன்று, அரசாங்கத்தின் கையில் இருந்தால் வேறொன்று என்பது அப்போது தானாகவே விளங்கும்.

பொலிஸ் அதிகாரம் பற்றிப் படிக்க வேண்டுமா? 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டதும், அதற்கு வைத்த விசாரணை ஆணைக்குழுவும் இருக்கிறது. 1977 மே மாசம் டெவன் தோட்டத்தில் காணிப் பறிப்பை எதிர்த்த கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டது இருக்கிறது. வழக்குத் தொடர்வது பற்றிப் படிக்க வேண்டுமா? 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் 5 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. மேன்முறையீடு எல்லாம் முடிந்து 2005இல் பார்த்தால் ஒருத்தர்கூடக் குற்றவாளி இல்லை. கொலை நடந்ததை யாரும் மறுக்கவில்லை. அப்படியென்றால் எங்கே தவறியது? சாட்சியத்திலா, விசாரணையிலா, குற்றப்பத்திரத்திலா? ஒரு தவணை முழுக்க ஒரு வகுப்பு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது. நான் மூன்று வருஷம் படித்ததில் இந்தப் பெயரே வகுப்பில் வரவில்லை.

ஆற்றங்கரையில் இருக்கிற பாடம்

பெரியம்மா மகன் விஷயத்துக்கே வருவோம். கெசல்கமு ஓயாவில் சட்டவிரோதமாக மாணிக்கக்கல் அகழ்ந்தவர்கள் கைது என்பது எங்கள் ஊர்ச் செய்தியில் திரும்பத் திரும்ப வருகிற தலைப்பு. 1993ஆம் ஆண்டின் சட்டப்படி இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டினால் குற்றம். சரி. ஆனால் குற்றவியல் மாணவர் அதோடு நிற்கக் கூடாது. நாள் சம்பளத்தில் வீடு ஓட்ட முடியாத பையன் ஏன் ராத்திரி ஆற்றில் இறங்குகிறான் என்று கேட்டால் மேர்ட்டன் வருகிறார். மண்வெட்டி பிடித்தவன் கூண்டில் நிற்கும்போது கல்லை வாங்குகிற முதலாளி எங்கே என்று கேட்டால் சதர்லாந்து வருகிறார். ஆறு கலங்கி, கரை இடிந்து, மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய் நிறைந்தால் அதில் பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் சுற்றுச்சூழல் குற்றவியல் வருகிறது. மூன்று கோட்பாடும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கிறது.

அதே மாதிரி, சம்பளத்தில் பிடித்த ஈ.பி.எஃப். காசை நிர்வாகம் கட்டாமல் விட்டால் அது "நிலுவை". விறகு பொறுக்கினால் அது "களவு". இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். எந்த போட்டோகொப்பி கடையிலும் அதற்கு நோட்ஸ் கிடைக்காது.

அப்போ எப்படி மாத்துறது?

குறை சொல்வது சுலபம். அதனால் என் யோசனையைப் புள்ளியோடு சொல்கிறேன்.

முதல் 40 புள்ளி, கோர்ட் குறிப்பேட்டுக்கு. நம்ம நாட்டில் வழக்குகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, யாரும் போய் உட்காரலாம். மாணவர் தன் ஊருக்குப் பக்கத்து நீதவான் நீதிமன்றத்தில், எங்களுக்கென்றால் ஹட்டனில், ஐந்து நாள் உட்காரட்டும். ஒரு வழக்குக்கு எத்தனை நிமிஷம் போனது, எந்த மொழியில் நடந்தது, சட்டத்தரணி இருந்தாரா, பிணைக்கு என்ன நிபந்தனை, எத்தனையாவது தவணை என்று எழுதட்டும். நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்பு தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கட்டும். பெயர், ஊர், முகம் எதுவும் குறிப்பில் வரக் கூடாது. சிறுவர் வழக்குப் பக்கமே போகக் கூடாது. இந்த ஒழுங்கை மீறினால் புள்ளியே இல்லை. ஆராய்ச்சி அறம் என்று தனியாக ஒரு அத்தியாயம் மனப்பாடம் செய்வதை விட இது நல்ல பாடம்.

அடுத்த 30, ஒரு பக்கத்தில் ஒரு விளக்கம். படிக்காத ஒருத்தருக்குப் புரிகிற தமிழில்: பிணை என்றால் என்ன, முறைப்பாடு எப்படிக் கொடுப்பது, சட்ட உதவி ஆணைக்குழு யாருக்கு உதவும், 2023இல் புதிதாக வந்த பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் என்ன உரிமை தருகிறது. எழுதி முடித்து, பத்து நிமிஷம் வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும். இணையத்தில் சுட்டதா, சட்பொட் எழுதிக் கொடுத்ததா என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மிச்சம் 30, புத்தகம் திறந்து வைத்து எழுதுகிற பரீட்சை. சட்டத்தையும் பொலிஸ் வெளியிடும் பாரதூரமான குற்றங்களின் அட்டவணையையும் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: இந்த எண்ணில் எது வராமல் போயிருக்கும், ஏன்? 2021இல் வேலை செய்யக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது. அதே வருஷம் ஜூலையில், கொழும்பில் ஒரு அரசியல்வாதி வீட்டில் வேலைக்கு இருந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்து போனார். நம்ம தோட்டங்களிலிருந்து அப்படி வேலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகளின் கதை எந்த அட்டவணையிலும் இல்லை. பதியப்படாத குற்றம் என்பதை மலையகப் பிள்ளைக்கு இதை விட எப்படி விளக்குவது?

"இதெல்லாம் நடக்குமா?"

விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நூற்றி இருபது பேர் இருக்கிற வகுப்பில் நூற்றி இருபது குறிப்பேட்டை யார் திருத்துவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நூற்றி இருபது பேர் ஒரே விடையை எழுதிய நாலு கேள்வியை இப்போதும் அவர்தானே திருத்துகிறார்? நாலு பேருக்கு ஒரு குழு என்றால் முப்பது குறிப்பேடு. வாய்மொழிக்கு நேரம் போகும், உண்மைதான். அதற்குப் பதில் எழுத்துப் பரீட்சை பாதியாகிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. கோட்பாடு குறைந்துவிடும், பட்டம் ஒரு தொழிற்பயிற்சி மாதிரி ஆகிவிடும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் 1997இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சிறைக்கு உள்ளே, கைதிகளும் பல்கலைக்கழக மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தவணை முழுக்க ஒரே பாடத்தைப் படிப்பார்கள். அங்கே கோட்பாட்டைத் தூக்கிப் போடவில்லை. கோட்பாடு யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்களுக்கு முன்னால் வைத்துச் சோதித்தார்கள். நம்மால் உடனே சிறைக்குள் போக முடியாமல் இருக்கலாம். கோர்ட்டின் கடைசி வாங்கில் உட்கார முடியும்.

பெரியம்மாவின் மகன் இப்போது வெளியில் இருக்கிறான், தவணைக்குத் தவணை போய் வருகிறான். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போகிறது. போன முறை பெரியம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த பட்ச்சில் இந்தப் பாடம் எடுக்கிற தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கும் ஏ வரட்டும். ஆனால் உங்கள் வாசலில் ஒருத்தர் காலை ஆறு மணிக்கு வந்து நின்றால், பதில் சொல்லக்கூடிய ஏயாக அது இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியதும் நீங்கள்தான்.