வக்கீல் வீட்டுக் காகிதம் வெளியே போகலாமா?

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். நோயைச் சொன்னால்தான் மருந்து. உள்ளதைச் சொன்னால்தான் வழக்கு.

அப்படி நம்பி நாம் கொடுக்கும் காகிதங்களை யார் யார் படிக்கிறார்கள்? இன்று இது கேட்க வேண்டிய கேள்வி.

முன்பெல்லாம் வக்கீலிடம் ஒரு குமாஸ்தா இருப்பார். பத்திரத்தைப் படித்துக் குறிப்பு எடுப்பார். மனுவைத் தட்டச்சு செய்வார். இப்போது இந்த வேலைகளை வெளிக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. அமெரிக்க வக்கீல்களின் காகித வேலை நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு வருகிறது. செலவு குறைவு. அங்கே அவர்கள் தூங்கி எழுவதற்குள் இங்கே வேலை முடிந்துவிடும். நம் இளைஞர்களுக்குச் சம்பளமும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் இதில் நஷ்டமும் உண்டு.

ஆர் வேறு, ஏக்கர் வேறு

காரைக்காலையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ந் தேதி முடிந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. பாகப்பிரிவினை, நிலத் தகராறு என்று வந்தால் அவற்றை மொழிபெயர்த்தாக வேண்டும்.

பிரெஞ்சு முறையில் நிலத்தின் அளவு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று வரும். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர். ஓர் ஏக்கரோ சுமார் 40 ஆர்! காரைக்காலைக் கண்ணால் பாராத ஒருவர், எங்கோ உட்கார்ந்து, அவசரத்தில் ஆரை ஏக்கர் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அண்ணனும் தம்பியும் கோர்ட் படி ஏற வேண்டியதுதான். உள்ளூர்க் குமாஸ்தாவாக இருந்தால், "அந்தத் தெருவில் அவ்வளவு இடம் ஏது?" என்று அப்போதே கேட்டிருப்பார்.

ரகசியம் நிற்குமா?

கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளியிடக் கூடாது என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு, மொழிபெயர்ப்பாளரையும், வக்கீலின் குமாஸ்தாவையும், ஊழியரையும் இதில் கட்டுப்படுத்துகிறது.

வெளிக் கம்பெனியின் ஆள் வக்கீலின் ஊழியரா? அந்தக் கம்பெனி வேலையை இன்னொரு கம்பெனியிடம் தள்ளிவிட்டால்? கை மாற மாற ரகசியம் கசியும். குடும்ப வழக்கும் சொத்துக் கணக்கும் ஊரார் கண்ணில் படலாமா?

பொறுப்பு யாருக்கு?

2018 மார்ச் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு அளித்தது. தட்டச்சு, பிழை திருத்தம் போன்ற உதவி வேலைகளைக் கம்பெனிகள் செய்வது மட்டும் வக்கீல்கள் சட்டத்தை மீறியதாகாது. ஆனால் அந்தப் பெயரில் வக்கீல் தொழிலையே நடத்தினால் சட்டம் குறுக்கே வரும். அமெரிக்க வக்கீல்கள் சங்கமும் 2008-ல், வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வக்கீலுடையதே என்று கூறியது.

ஆகவே, வழக்குக் கொடுப்போர் தயங்காமல் கேட்க வேண்டும்: "ஐயா, எங்கள் காகிதம் வெளியே போகிறதா? மொழிபெயர்ப்பை நீங்களே ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" மூலப் பத்திரம் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும்.

வக்கீல்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலையெல்லாம் வெளியே போனால், பழைய பத்திரம் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாமல் போய்விடுவார். உள்ளூர் இளைஞர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். அந்தச் சம்பளம் வீண் செலவு அல்ல!